கண்ணை உறுத்தாத நிறம்

"கறுப்பு மேல மஞ்சள் எழுத்தா? ஏன்க்கா, தையல் கடைக்கு வெப்சைட் கேக்கிறியா, இல்ல ரோட்டுல பள்ளம் தோண்டிட்டு எச்சரிக்கை போர்டு வைக்கிறியா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இணையதளம் வடிவமைப்பதுதான் அவன் பிழைப்பு. அக்காவின் கடைக்கு அவனாக ஆசைப்பட்டுச் செய்து தரும் தளம் இது.

"நீ எழுதுறது பளிச்சுன்னு தெரியட்டுமேடா" என்றாள் அக்கா.

"பளிச்சுன்னா கண்ணை உறுத்தும்க்கா. நிறங்க ஒண்ணோட ஒண்ணு சண்டை போடக் கூடாது. சந்தன நிறம், அது மேல இளஞ்சாம்பல்ல எழுத்து. தாலாட்டுற மாதிரி இருக்கும்."

"படிக்கிறவங்க தூங்கிடப் போறாங்கடா."

"ஊதாத் துணிக்குப் பச்சை நூல் போட்டா நீ ஒத்துக்குவியா? இது என் தொழில், விடு."

"சரிடா, உன் இஷ்டம்."

தளம் தயாரானது. முதல் பக்கத்தின் உச்சியில், அவளிடம் சொல்லாமல் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'ஊசி பிடித்து என்னை ஆளாக்கிய என் அக்காவின் கடை.' இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொல்ல வராதது அது. படித்ததும் அக்கா அழுவாள், கூடவே தானும் கொஞ்சம் அழுதுகொள்ளலாம் என்று நினைத்திருந்தான், பாவம்.

கடையில், துணி வெட்டும் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தான்.

"மேல இருக்கிற வரியைப் படிச்சுப் பாருக்கா."

அக்கா திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்குடா."

"அவ்வளவுதானா?"

"அழகா இருக்கு. வேற என்னடா சொல்லணும்?"

அவனுக்குச் சுருக்கென்றது.

"கேட்ட நிறத்தைப் போடலைன்னு இன்னுமா கோவம்? உனக்கு மனசுல ஈரமே கிடையாதாக்கா?"

மடிக்கணினியைப் பட்டென்று மூடி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். அக்காவின் கணவர் பின்னாலேயே ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார்.

"மாப்ளே, நில்லு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. அவ ஊசியைத் தொட்டே மாசக்கணக்காச்சு, தைக்கிறதெல்லாம் வேலைக்கு வர்ற பொண்ணுங்கதான். வெளிர் நிறமெல்லாம் அவளுக்கு இப்ப வெறும் பனிமூட்டம். முழுசா இருட்டுறதுக்குள்ள, தம்பி எழுதினதை ஒரே ஒரு தடவை தானே படிச்சுடணும்னுதான் அவ அந்த நிறத்தைக் கேட்டா."