பட்டினிக்கு மதிப்பெண்

எக்காலத்துக்கும் பெரிய ஒலிம்பிக் வீரர் யார் என்ற ஓயாத சண்டையைத் தீர்க்க, உலகக் குழு இந்த ஆண்டிலிருந்து பதக்கங்களோடு பால்யத்தையும் எடை போட்டது. பட்டினி கிடந்து ஜெயித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண். ஓட்டத்தில் நான்கு தங்கம் வென்ற ஜெனிற்றா, ஏழை வீட்டுப் பெண் பட்டினி கிடந்திருப்பாள் என்ற கணக்கில், பட்டியலில் இரண்டாவதாக இருந்தாள். அவளுடைய அம்மாவை விசாரிக்க, அதிகாரி ஒருவர் தூத்துக்குடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஜெனிற்றா அம்மாவை அடுக்களைக்குள் இழுத்தாள்.

"சின்னதுல எனக்குச் சோறே போடலன்னு சொல்லிரு."

"வாய்கூசாம கேக்கியேட்டி!" என்று கையை உதறினாள் மரியபுஷ்பம்.

அதிகாரியிடம் உள்ளதைத்தான் சொன்னாள். "தெனமும் ரெண்டு முட்டை, அரை லிட்டர் பால். உப்பளத்துல வேலை பாத்து ஒருநாள் தவறாம குடுத்தேன். நான்தான் சார் பல நாளு வெறும் வயித்தோட படுத்தேன்."

"உங்க பட்டினி இதுல சேராதும்மா" என்று அவர் கையிலிருந்த கணினித் திரையைத் தொட்டார். ஜெனிற்றா ஐந்தாம் இடத்துக்கு இறங்கினாள்.

அவர் போனதும் ஜெனிற்றா கத்தினாள். "எல்லாம் உன்னாலதான்! என்னைக் கவனிக்காம விட்டிருந்தா இன்னைக்கு நான்தான் முதல்ல!"

மகள் பதக்க மேடை ஏறிய நான்கு முறையும், 'எல்லாம் அம்மாவாலதான்' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று மரியபுஷ்பம் டிவி முன்னால் காத்திருந்திருக்கிறாள்.

"ஆமாட்டி, என்னாலதான்" என்றாள். "இனிமே இந்த வாசல மிதிக்காத."