பனியம்மா

"அக்கா, நீ பனியை விட்டேன்னா ஜனங்க நம்மள விட்டுடுவாங்க!" என்று பதறிய தம்பி, கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

இணையத்தில் அவளுக்குப் பெயரே 'பனியம்மா' என்பதுதான். விடிந்ததும் சன்னலருகே அமர்ந்து தெருவை வரைவது அவள் வழக்கம். மரமும் விளக்குக் கம்பமும் மெல்லிய பனியில் கரைந்து நிற்கும். அந்த ஓவியத்தைப் படம் பிடித்து இணையப் பக்கத்தில் ஏற்றுவதும், வரும் புகழுரைகளுக்கு நன்றி எழுதுவதும் தம்பியின் பொறுப்பு.

"முன்னெல்லாம் இலை நரம்பு வரைக்கும் வரைஞ்சே. யார் பார்த்தா? பத்துப் பேர். அதுல எட்டுப் பேர் சொந்தக்காரங்க!"

"மீதி ரெண்டு பேர்?"

"நான்தான். ரெண்டு கணக்கு வச்சிருந்தேன்."

அக்கா சிரித்தாள், ஆனால் இறங்கி வரவில்லை. "அந்த இலை நரம்பைத்தான் மறுபடி வரையப் போறேன்டா."

"விளையாடாதேக்கா. அடுத்த மாசம் கண்காட்சி. 'பனி'ன்னு தலைப்பே அச்சடிச்சாச்சு. இங்க பாரு, ஒருத்தங்க எழுதியிருக்காங்க: 'உங்க பனியைப் பார்த்தாத்தான் மனசு லேசாகுது.'"

"இப்படி எழுதி எழுதித்தான் என்னைக் கட்டிப்போட்டாங்க. நானும் மயங்கி இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இனிமே முடியாது."

"சரி, வாரத்துக்கு ஒரு நாளாவது பனி?"

"பனி என்ன காய்கறியா, கூறு கட்டி விக்க?"

அவள் தூரிகைகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். அந்த நிதானத்தைக் கண்டதும், இனித் தன் பேச்சு எடுபடாது என்பது தம்பிக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் பாணியை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பேட்டியில கேட்டப்போ சிரிச்சு மழுப்பிட்டியே. எனக்காவது சொல்லக் கூடாதா?"

அக்கா எழுந்து சன்னலருகே சென்றாள். வெளியே உச்சி வெயில் பளீரென்று காய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவரின் விரிசல்கூடத் தம்பிக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைடா, கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் வரைஞ்சேன்," என்றாள் அவள் அமைதியாக. "ரெண்டு கண்ணுலயும் புரை. நாளைக்குக் காலையில வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்; நீ கூட வா."