அழிக்க அழிக்க

எங்கள் அலுவலகத்துச் சர்வர் சொன்னதை மறக்காது; செய்து முடிக்கத்தான் ஒரு யுகம் எடுக்கும். தங்கபுஷ்பம் பழைய வீடு ஒதுக்கீட்டுப் பட்டியலை அழிக்கச் சொன்னாள். முதல் உத்தரவிலேயே அது அழிந்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. அது தெரியாமல் இன்னும் பதினாறு தடவை சொல்லிவிட்டு, அதே பெயரில் புதுப் பட்டியலைப் போட்டாள். அந்தப் பதினாறும் வழியெல்லாம் டீ குடித்துவிட்டு ஒவ்வொன்றாக வந்து புதியதை அழித்தன.

“வேற பேரு வையேன்மா” என்றேன், சர்வருக்குக் காவலிருந்த நான்.

“அஞ்சு மணிக்கு மேலிடத்துல இந்தப் பேர்ல உள்ளதத்தான் எடுப்பாவ. வெள்ளத்துல வீடு போன நாப்பது குடும்பம் சார். அது அழிக்க அழிக்க நான் போடுதேன்.”

போட்டாள். அவள் சாப்பாடு ஆறி, கல்லாகி, புதைபொருளாகவே ஆகிவிட்டது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதினாறாவதும் வந்து அழித்துவிட்டுப் போனது. மறுபடி போட்டாள்.

“இனி வராதுல்லா?”

“நீ சொன்னது தீந்துட்டு. பதில் வரலேன்னா உன் கம்ப்யூட்டரும் தானா திருப்பி அழிக்கச் சொல்லும். அது எத்தன தடவ சொல்லிச்சோ.”

தங்கபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேமிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள்.

“நீங்க கடிகாரத்தப் பாருங்க சார். இத நான் பாத்துக்கிடுதேன்.”