ஏழாம் நம்பர் இதயம்

ஆராய்ச்சிக்கூடத்துக்குள் தயங்கித் தயங்கி வந்த அம்மாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்.

"சார் உள்ளதான் இருக்கார். எழுந்து வரக் கொஞ்ச நேரமாகும், உக்காருங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் கணினியே கதியென்று இருந்தார். திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"அது என்னம்மா?"

"மூலிகையில இருக்கிற சத்து இதயத்தைக் காப்பாத்துமான்னு முதல்ல கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாப்போம். நிஜ ஆளுங்களோட ஸ்கேனை வெச்சு செஞ்ச இதயம். இந்த ஏழாம் நம்பர் சாரோட மனைவியோடது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அவங்க தவறிட்டாங்க போல."

"அவர் சொன்னாரா?"

"அவர் எங்க வாயைத் திறக்கிறார்? ஆனா சாயங்காலமானா அதுகிட்ட, 'இன்னிக்கு எப்படி இருக்கே, படபடப்பு குறைஞ்சுதா'ன்னு கேப்பார். உயிரோட இருக்கிறவங்ககிட்ட யாரு இப்படி உக்காந்து விசாரிக்கிறா?"

அந்த அம்மாள் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வீட்டுச் சாவியை மறந்துட்டு வந்துட்டார். குடுத்துடும்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிடு."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு சார் கேட்டா என்ன சொல்ல?"

"அவர் கேக்க மாட்டார்" என்றாள் பேராசிரியரின் மனைவி.