உயிர் தப்பிய குப்பாயி

ராசிபுரத்தில் வீட்டு மாடியிலிருந்தே செல்போன் செய்தித்தளம் நடத்தும் தீனதயாளன், 'சார்ஜில் வெடித்த போன்! நாமகிரிப்பேட்டை குப்பாயி பலி' என்று தலைப்பு அடித்தான். எந்த போனும் வெடிக்கவில்லை, குப்பாயி என்று யாரையும் அவனுக்குத் தெரியாது. நாலு பேர் திறந்து பார்க்க வேண்டுமே. என்னவோ மனசு கேட்காமல், வெளியிடும் முன்பே 'பலி'யை அழித்துவிட்டு 'உயிர் தப்பினார்' என்று மாற்றினான்.

மறுநாள் காலையில் ஓர் அம்மா மெல்லப் படியேறி வந்தார். ஒரு பக்கக் கன்னம் தீய்ந்திருந்தது. மேசைமேல் ஒரு பை மஞ்சளை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாமகிரிப்பேட்டைங்க. பேரு குப்பாயி. எங்க காட்டுல வெளஞ்சதுங்க, நீங்க நல்லா இருக்கோணும்."

"எனக்கு எதுக்குங்கம்மா?"

"மொதல்ல அடிச்சதை அழிச்சீங்களே சாமி, அதுக்குத்தானுங்க."