திரும்பிப் பார்த்த காலை

"இன்னும் கொஞ்சம் மெதுவாக்க முடியுமாம்மா? அந்த இடத்துல நான் திரும்பின மாதிரி தெரியுது."

"திரும்பல சார். போனை ஒரு தோள்லேர்ந்து இன்னொரு தோளுக்கு மாத்தினீங்க, அவ்வளவுதான்," என்றாள் எடிட்டர். குரலில் எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாண சீசன். நாலைந்து கல்யாண வீடியோக்கள் அரைகுறையாகக் கிடந்தன. ஒரு மாப்பிள்ளை காலையிலிருந்து போனில் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து மகள் வேறு விடாமல் அழைக்க, அவள் பார்க்காமலே கட் செய்துகொண்டிருந்தாள். இந்த லட்சணத்தில்தான் பெரியவர் ஒரு பென்டிரைவோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதில் இருந்தது அவர் வீட்டு வாசல் கேமராவில் பதிவான பழைய காலைகள். எல்லாம் ஒரே மாதிரி. கறுகறுவென்ற தலையோடு ஒரு மனிதர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவார், பையைக் காருக்குள் வீசுவார், கிளம்பிவிடுவார். பின்னாலேயே ஒரு பெண்மணி ஈரக் கையைத் துடைத்தபடி கேட் வரைக்கும் வந்து கையைத் தூக்குவார். கார் போன பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அப்புறம் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

"அது நீங்களா சார்?" எடிட்டர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலை பஞ்சாக வெளுத்து, சட்டை தொளதொளத்து, ஆள் பாதியாகியிருந்தார்.

"நான்தாம்மா. கேட் பக்கத்துல நிக்கறது என் சம்சாரம். தினமும் வந்து 'மெதுவா போங்க'ன்னு சொல்லுவா. நான் காதுல வாங்கினதே இல்ல. அப்படி ஒரு ஓட்டம். எங்க ஓடினேன்னு இப்ப கேட்டா எனக்கே தெரியல."

எடிட்டருக்குப் புரிந்துபோயிற்று. இந்தத் தொழிலில் இப்படியும் சிலர் வருவார்கள். போய்ச் சேர்ந்தவர்களின் சிரிப்பையும் குரலையும் வெட்டி ஒட்டி வாங்கிப் போவார்கள். அவளுடைய எரிச்சல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க சார்."

"ஒரு நாளாவது நான் திரும்பி அவளைப் பாத்திருப்பேன்ல? அந்த ஒரு காலை போதும்மா. அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

தேடினார்கள். காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒரு மழை நாளில் அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. விரிக்காத குடையைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே நின்றார்.

"இது எனக்குத் தெரியாதும்மா. குடை கொண்டு வந்தான்னே எனக்குத் தெரியாது," என்றார் பெரியவர். கண்ணைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நடுநடுவே கடையின் கண்ணாடிக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இந்த வயதிலும் அவசரம் விடவில்லை போலிருக்கிறது என்று எடிட்டர் நினைத்தாள்.

பென்டிரைவ் முடியப்போகும் சமயத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், இதோ. பாத்துட்டீங்க!"

தெருவில் இறங்குமுன் கார் ஒரு கணம் நின்றிருந்தது. கறுப்புத் தலை ஜன்னல் வழியாகக் கேட் பக்கம் திரும்பியது.

பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். "அது அவளைப் பாக்கலம்மா. அந்தப் பக்கம் வண்டி வருதான்னு பாத்தேன்."

எடிட்டர் அடுத்த பதிவுக்குப் போகக் கையை நீட்டினாள்.

"ஆனா இதை மெதுவாக்கினா, அவளைப் பாக்கற மாதிரி இருக்கும்ல?" என்று அவரே தயங்கிக் கேட்டார்.

எடிட்டர் வேலையில் இறங்கினாள். கண் இமைக்கும் நேரப் பார்வையை இழுத்து இழுத்து நீட்டினாள். தோளில் இருந்த போன் தெரியாதபடி ஓரத்தை வெட்டினாள். இப்போது திரையில், மனைவியை விட்டுக் கிளம்ப மனமில்லாத ஒருவர் அவளை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பொய்தான். ஆனாலும் அவளே அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்து வாங்கிக்கறீங்களா சார்? இன்னும் சுத்தமா பண்ணி வெக்கறேன்."

"இல்லம்மா, இப்பவே குடுத்துடுங்க. காலைல எழுந்ததும் வேணும்."

நாளைக்கு அந்த அம்மாவின் நினைவு நாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். மறுபேச்சுப் பேசாமல் காப்பி செய்ய ஆரம்பித்தாள்.

அப்போது வெளியே நின்ற காரிலிருந்து யாரோ இறங்கி வர, கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எடிட்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவு நேரமும் திரையில் கேட்டருகே நின்றிருந்த பெண்மணி, கொஞ்சம் வயதாகி, முழுசாய் உயிரோடு எதிரே நின்றார்.

அவருடைய கண் திரைக்குப் போயிற்று. கை தானாக மேலே எழுந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா டிரைவர், எங்க வீட்டுக்காரர் திரும்பிப் பாத்துட்டார்," என்றார் பெரியவரிடம். எதிரே நிற்பவர்தான் அந்த வீட்டுக்காரர் என்பது அந்த அம்மாவுக்கு மறந்தே போயிருந்தது. "அவர் பாக்காம நான் கேட்டை விட்டு நகர மாட்டேன்னா கேக்கறீங்களா? தினமும் பின்னாடியே வந்து நின்னுக்கிட்டு, வெயில் ஏறுது உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு ஒரே நச்சரிப்பு."

"தப்புதாங்கம்மா," என்று பெரியவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அதான் அவர் பாத்துட்டாரே, இனிமே உள்ள வந்துடுவீங்கல்ல?"