கருணையாக மிதி

“ஏலே சோம்பேறி, உனக்கெல்லாம் எதுக்குலே சைக்கிளு? பேசாம அம்மிக்கல்லு மாதிரி வீட்டுலயே கெடந்திருக்கலாம்லா?”

திட்டியவன் ரெக்சன். திட்டு வாங்கியவனும் ரெக்சன்தான். விடிகாலையில் பாபநாசத்தில் தொடங்கிய ஏச்சு, கல்லிடைக்குறிச்சி தாண்டி, பாளையங்கோட்டை தாண்டி, கருங்குளம் வரை ஓயாமல் கூடவே வந்தது.

இருட்டுவதற்குள் புன்னைக்காயல் கடற்கரையைத் தொட்டால்தான் கல்லூரி சைக்கிள் குழுவின் காஷ்மீர் பயணத்தில் இடம். முடிவு செய்யப்போவது குழுத்தலைவி பெனிஷா. போன வருடம் இதே சோதனையில் ரெக்சன் சேரன்மகாதேவியிலேயே ஒரு லோடு ஆட்டோவில் ஏறிவிட்டான். அதிலிருந்து அவனை அவனுக்கே பிடிக்காது.

“உன்ன நீயே ஏசாதலே,” என்றான் பின்னாலிருந்து மெர்வின். மூச்சு வாங்காத, இளநீர் குடித்தது போன்ற குரல். தன்மேல் கருணை காட்டுவது எப்படி என்று யூடியூபில் நிறைய உரைகள் கேட்டவன் அவன். “ஒரு சிநேகிதன்ட்ட பேசுத மாதிரி உங்கிட்ட பேசு.”

“நேத்து உங்கிட்ட பேசுன மாதிரியா? போலீஸ் கேசாயிரும்லே.”

“அன்பா பேசிப் பாருலே.”

ரெக்சன் தொண்டையைச் செருமினான். “ரெக்சன் அண்ணாச்சி, காலு வலிக்கோ? பைய மிதிங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. வேகம் குறைந்தது.

“ஏலே, ஏம்லே நிறுத்துத? கருணையா இருன்னுதான் சொன்னேன், சும்மா இருன்னா சொன்னேன்? மிதிச்சுக்கிட்டே கருணையா இரு.”

“தொட பிடிச்சுக்கிட்டுலே.”

“தொடைக்கு நன்றி சொல்லு.”

ரெக்சன் வலது தொடைக்கு நன்றி சொன்னான். உடனே இடது தொடையும் பிடித்துக்கொண்டது.

வாடைக்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. சாலை மேடேறியது. “எனக்கு மட்டும் ஏம்லே இப்பிடி? நீயும் இதே ரோட்டுலதான வார. உனக்கு எதிர்க்காத்து அடிக்கலியா?”

“அடிக்கி. நீ முன்னால இருக்கதால கொஞ்சம் கம்மியா அடிக்கி.”

“டீக்கடையில பாத்தேன், உனக்கு வேர்க்கக்கூட இல்லியே!”

“எல்லாம் மனசுதாம்லே. மத்தவனோட உன்ன ஒப்பிடாத. திரும்பித் திரும்பிப் பாக்காத, விழுந்துருவ.”

நியாயமாகத்தான் பட்டது. ரெக்சன் திரும்பவில்லை. அண்ணாச்சியைத் தட்டிக்கொடுத்து, கெஞ்சி, கொஞ்சி, குரும்பூர் வரை கொண்டுவந்து சேர்த்தான்.

அங்கே ஒரு பெட்டிக்கடை வாசலில் பெனிஷா ஸ்கூட்டரோடு நின்றாள். இறங்கிய ரெக்சன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். மெர்வின் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

“மிச்ச தூரத்தப் பாக்கணும்னு இல்ல. இப்பவே சொல்லிருதேன்,” என்றாள் பெனிஷா. “ரெக்சன், நீ காஷ்மீருக்கு வார. மெர்வின், நீ வரண்டாம்.”

ரெக்சன் பதறிப்போனான். “ஆள மாத்திச் சொல்லுத பெனிஷா! நாந்தான் உசுரு போயி வந்தேன். இவனப் பாரு, பறிச்ச பூ மாதிரி நிக்கான்.”

“அதனாலதான். இங்க வார வழியில, ஒரு வாழைத்தோட்டத்து வளைவுல உங்கள வீடியோ எடுத்தேன். பாக்கியா?”

“இப்ப வேண்டாம்லே,” என்று மெர்வின் முந்திக்கொண்டான். “இந்த நேரத்துல உன்ன நீயே பாத்தா மனசு ஒடஞ்சிரும்.”

“இல்லலே. நீ சொன்ன மாதிரியே அன்பா பாக்கேன்.”

ரெக்சன் செல்போனை வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை அன்போடு பார்த்தான்.

வாழைத்தோட்டத்து வளைவில் இரண்டு இருக்கையும் இரண்டு ஜோடி மிதிகட்டையும் கொண்ட ஒரே ஒரு நீளச் சைக்கிள் வந்தது. முன்னிருக்கையில் ரெக்சன் எழும்பி எழும்பி மிதித்துக்கொண்டிருக்க, பின்னிருக்கையில் மெர்வின் இரண்டு கால்களையும் நடுக்கம்பியில் தூக்கி வைத்து, பனங்கிழங்கை உரித்தபடி கருணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.